ரயில் யார்டில் பாம்பு, குரங்கு, காட்டுப்பன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெமாஸில் மேற்குக் கரை ரயில் பாதையும் கிழக்குக் கரைப் பாதையும் சந்திக்கின்றன. ஊரைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும். மேற்குப் பாதையின் மேல் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. தும்பாட் வரை போகும் கிழக்குப் பாதையில் டீசல் வண்டிகள்தான், அதுவும் காட்டை ஒட்டியே போகிற பாதை. இப்படிப்பட்ட ஊரில் யார்டுக்குள் விலங்கு வருவது அதிசயமே இல்லை. யார்டில் வேலை செய்பவர்கள், ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருப்பவர்கள், லைனை ஒட்டிய தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே.

யார்டில் திடீரென்று பாம்பையோ பன்றியையோ பார்த்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். விலங்கைக் கண்டதும் கால் தானாகவே பின்னால் போகும். ஆனால் யார்டில் உங்களுக்குப் பின்னால் இருப்பது இன்னொரு தண்டவாளம். ஷண்டிங்கில் (வேகன்களைப் பிரித்து லைன் மாற்றிக் கோர்க்கும் வேலையில்) தள்ளிவிட்ட வேகன் சத்தமே இல்லாமல் உருண்டு வரும். மின்சார வண்டியும் டீசல் இன்ஜின்போல் தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வராது. பாம்புக்கு இரண்டடி விலகப் போய் வேகனுக்கு முன்னால் நிற்பதுதான் யார்டில் பெரிய ஆபத்து.

நின்றபடியே இரண்டு பக்கமும் லைனைப் பாருங்கள். பிறகு எந்த லைனையும் தாண்டாமல், நீங்கள் இருக்கும் பக்கத்து ஓரத்துக்கே ஒதுங்குங்கள். பாம்பு என்றால் 3 மீட்டராவது, பன்றி என்றால் 20 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அதற்குப் பிறகுதான் வாக்கி-டாக்கியை எடுப்பது. எந்த லைன், எந்தப் பாய்ண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), எந்தக் கிலோமீட்டர் பலகை என்று சொல்லுங்கள். “கூட்ஸ் ஷெட் பக்கம் பாம்பு” என்று மட்டும் சொன்னால் அடுத்த ஷிப்ட் ஆள் அதே இடத்தில் போய்க் காலை வைப்பார்.

விலங்குகள் ஏன் யார்டையே தேடி வருகின்றன?

எல்லாம் எலியில்தான் தொடங்குகிறது. தீவனமோ தானியமோ ஏற்றிய வேகனிலிருந்து சிந்துவதும், ஷெட்டுக்குப் பின்னால் வீசும் சோற்றுப் பொட்டலமும் எலிக்குப் போதும். எலி இருந்தால் நாகம் வரும், நாகம் இருந்தால் அதைத் தின்ன ராஜநாகமும் வரலாம். பாரிட்டில் (வடிகாலில்) தண்ணீர் தேங்கினால் தவளை, தவளைக்குப் பின்னால் மறுபடியும் பாம்பு, கூடவே உடும்பு.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. செம்பனை ஏறக்குறைய 25 வயதானதும் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். எந்திரம் இறங்கிய சில நாளில் அங்கே குடியிருந்த எலியும் பாம்பும் பன்றியும் மறைவைத் தேடிக் கிளம்பும். பக்கத்தில் புல் மண்டிய மேடு ரயில் கரைதான். மறுநடவு எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்து, அந்தப் பக்கத்துக் கரையின் புல்லை முதலில் வெட்டிவிடுவது நல்ல ஏற்பாடு. மழைக்காலத்திலும் இதே கதை. தாழ்வான தோட்டத்தில் தண்ணீர் ஏறினால், காய்ந்த மேடாக மிஞ்சுவது தண்டவாளம் போகும் கரை மட்டுமே.

எந்தப் பாம்புகளைக் கண்டு பயப்பட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது துப்பும் நாகம். தீபகற்பத்தில் வளர்ந்தது பளபளப்பான கறுப்பாக இருக்கும். தமிழ்நாட்டு நாகத்துக்கு உள்ள மூக்குக்கண்ணாடிக் குறி இதன் விரித்த படத்தில் இருக்காது. குறியைத் தேடி, இல்லையென்றதும் “சாரைதான்” என்று கையை நீட்டுவது பெரிய தவறு. கண்ணைக் குறிவைத்து 2 மீட்டர் வரை விஷம் துப்பும்.

ராஜநாகம் 3 மீட்டரையும் தாண்டி வளரும். பெண் பாம்பு காய்ந்த இலையைக் குவித்து முட்டையிட்டுக் காவல் இருக்கும். அடுக்கிக் கிடக்கும் செம்பனை மட்டையைக் கையால் இழுக்காதீர்கள் என்பது இதனால்தான். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் இரவில் நடமாடும். பகலில் மந்தமாகக் கிடப்பதைப் பார்த்துச் சாது என்று நினைத்துவிட வேண்டாம்.

மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. ஆனால் பல் உள்ளே வளைந்திருப்பதால் கடித்தால் சதை கிழியும். 3 மீட்டருக்கு மேல் இருந்தால் ஒரே ஆள் பிடிக்கப் போகவே கூடாது. அதிகம் அடிபட்டுச் சாவது சாரைப்பாம்பு. எலியைத் தின்று உங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த ஒன்றை நாகம் என்று நினைத்துக் கொன்றுவிடுகிறார்கள்.

அடையாளம் தெரியவில்லையா? விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

கேபிள் மூடி, பாய்ண்ட், வேகன் அடி: கை வைக்கும் முன் எப்படிப் பார்ப்பது?

யார்டில் கையில் வாங்கும் கடிகளுக்குக் காரணம், பார்க்காமல் கையை உள்ளே விடுவது. வேலைக்கு வேலை முறை மாறும்.

கேபிள் போகும் கான்கிரீட் கால்வாயின் மூடியை விரலைக் கொடுத்துத் தூக்கக் கூடாது. கொக்கிக் கம்பியால் மூடியின் அந்தப் பக்கத்து விளிம்பை உங்களை நோக்கி நெம்பித் திறங்கள். அப்போது மூடி உங்களுக்கும் கால்வாய்க்கும் நடுவில் கேடயம்போல் நிற்கும். வழக்கமாக ஆட்கள் செய்வது நேர்மாறு. தங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்குவார்கள், உள்ளே இருப்பது நேரே முகத்தைப் பார்க்கும். திறந்ததும் பத்து விநாடி காத்திருந்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நிழல் விழுவதால் சுருண்டு கிடப்பது கேபிளா பாம்பா என்று தெரியும்.

பாய்ண்ட் மோட்டார் பெட்டியும் சிக்னல் பெட்டியும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். எலியும் பல்லியும் அங்கே குடியேறும், பின்னால் பாம்பு வரும். கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் கீல் பக்கம் நின்று இழுங்கள். கேபிள் நுழையும் துளையை அடைப்பதுதான் நிலையான தீர்வு. 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். வெறும் சிமெண்டை எலி கொறித்துவிடும். முதலில் இரும்புக் கம்பளியைத் திணித்து, அதன்மேல் சிமெண்டு பூசுங்கள். எலி சிக்னல் கேபிளைக் கடித்துவிட்டால் லைன் காலியாக இருந்தாலும் வண்டி நிற்பதாகவே காட்டும். பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் இருட்டில் லைனில் நடக்க வேண்டியிருக்கும்.

பாய்ண்ட் முழுதாக மூடவில்லை என்று காட்டினால் நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் நிலையான பெரிய தண்டவாளத்துக்கும் நடுவில் கல்லோ, நசுங்கிய பாம்போ, ஆமையோ மாட்டியிருக்கலாம். பாய்ண்டை இயக்க மாட்டோம் என்று கட்டுப்பாட்டு அறை உறுதி சொல்லும்வரை குச்சியைக்கூட உள்ளே விடாதீர்கள். துண்டான பாம்புத் தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

கிழக்குப் பாதையிலிருந்து வந்து நிற்கும் வேகனில் போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின்) சுருள் கம்பி, பிரேக் சிலிண்டரின் மேல்புறம், கொள்கலனுக்கு அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழையும் பள்ளம் ஆகிய மூன்றும் விலங்கு பதுங்கும் இடங்கள். குனிவதற்கு முன் செய்யும் வேலைகள் வரிசை மாறக் கூடாது: யார்டு மாஸ்டரிடம் சொல்லி லைனை மூடுவது, சிவப்புக் கொடி அல்லது சிவப்பு விளக்கு வைப்பது, கைப்பிரேக்கைப் பிடித்துச் சக்கரத்துக்கு ஆப்பு வைப்பது. பிறகு ஒன்றரை மீட்டர் குச்சியால் இரும்பைத் தட்டிக் கொஞ்சம் பொறுத்து, அதன்பின் டார்ச். பாம்பு காதால் கேட்பதைவிட இரும்பிலும் தரையிலும் வரும் அதிர்வை நன்றாக உணரும், வழி இருந்தால் தானே நகர்ந்துவிடும்.

பாம்பு கடித்துவிட்டால்?

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடவே கூடாது. லைனைவிட்டு ஓரமாகத் தூக்கி வந்து உட்காரவோ படுக்கவோ வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பூட்ஸ் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ மரப்பட்டையோ அட்டையோ வைத்து, எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் அசையாமல் கட்டுங்கள். கடித்த நேரத்தை எழுதி வையுங்கள். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியைக் குறித்தால் டாக்டருக்கு மிகவும் உதவும். 999க்கு அழைத்து, ஆம்புலன்ஸ் எந்தக் கேட்டு வழியாக உள்ளே வர முடியும் என்றும் சொல்லுங்கள்.

கயிறு இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நாகத்தின் விஷம் சதையை அழுகச் செய்யும். இறுக்கிக் கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கி அந்தக் கையே போகும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு “எல்லாப் பாம்புக்கும் ஒரே ஊசி” என்று சிலர் நம்புகிறார்கள். அந்த ஊசி அங்குள்ள நான்கு பாம்புகளுக்காகச் செய்தது. மலேசிய மருத்துவமனைகளில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். நாகத்துக்கு ஒன்று, ராஜநாகத்துக்கு ஒன்று என்று பாம்புக்கு ஏற்றபடி மருந்து மாறும். அதனால்தான் படம் எடுங்கள் என்று சொல்கிறோம். படத்துக்காகப் பாம்பைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். படம் இல்லாவிட்டாலும் அறிகுறியை வைத்து மருத்துவம் செய்வார்கள். வலியோ வீக்கமோ இல்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, சில மணி நேரம் கழித்து இமை சரியும், மூச்சுத் திணறும்.

கண்ணில் விஷம் துப்பிவிட்டால்?

கண்ணைக் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடவிட்டு 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். குழாய் தூரமாக இருந்தால் குடிக்கும் தண்ணீர்ப் பாட்டிலே போதும். தாய்ப்பால், எலுமிச்சை என்று வேறு எதையும் விடாதீர்கள். எரிச்சல் குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெலேராங், உப்பு, மண்ணெண்ணெய் போட்டால் பாம்பு வராதா?

வரும். பெலேராங் என்கிற கந்தகத்தூளின்மேல் பாம்பு ஊர்ந்து போகும். மண்ணெண்ணெய் ஊற்றுவது யார்டில் தீயைக் கூப்பிடும் வேலை. பலன் தருபவை வேறு: சுவரையும் பெட்டியையும் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் கணுக்காலுக்குக் கீழே வைத்திருப்பது, பழைய ஸ்லீப்பர் கட்டைகளைத் தரையில் குவிக்காமல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் அடுக்குவது, குவாட்டர்ஸ் கதவடியில் ரப்பர் பட்டை அடிப்பது, குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது.

லைன் ஓரத்து முனீஸ்வரன் கோயிலிலும் புற்றிலும் பால், முட்டை படைக்கிறோம். அது பாம்பை இழுக்குமா?

பாம்பு பால் குடிக்காது, பால் அதை இழுக்காது. முட்டையைத் தேடி உடும்பும், சோறு பழத்தைத் தேடி எலியும் குரங்கும் வரும், அந்த எலிக்காகப் பாம்பு வரும். நம் முன்னோர் லைன் போட்ட காலத்திலிருந்து வைத்துக் கும்பிடும் இடங்கள் இவை, படையலை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, தேவையும் இல்லை. பூஜை முடிந்ததும் பிரசாதமாகப் பகிர்ந்துவிடுங்கள். இருட்டுவதற்குள் இலையையும் தேங்காய் மூடியையும் அள்ளிவிட்டு, பால் ஊற்றிய இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். விளக்கேற்றப் போகும்போது டார்ச் கையில் இருக்கட்டும். லைனைக் குறுக்கே கடந்து போகும் கோயிலாக இருந்தால் அனுமதிக்கப்பட்ட கடவை வழியாக மட்டும் போங்கள்.

குரங்குக் கூட்டம் மின்கம்பிக் கம்பத்தில் ஏறுகிறதே?

குரங்கோ பாம்போ கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவில் உடலை நீட்டினால் பெரிய வெடிச்சத்தத்தோடு மின்சாரம் பாய்ந்து லைன் நின்றுபோகும். செத்தது மேலே தொங்கும். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து யாரும் கிட்டே போகக் கூடாது. கட்டுப்பாட்டு அறை மறுபடியும் மின்சாரத்தை விட்டுப் பார்க்கலாம். கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியே இருங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்: குலை வெட்டும் அலுமினியக் கலாவை (நீளக் கம்பை) எடுத்து வந்து குரங்கைத் தள்ளிவிட முயலாதீர்கள். அலுமினியம் முழு மின்சாரத்தையும் உங்கள் கைக்குக் கொண்டுவரும். பச்சை மூங்கிலும் அப்படித்தான், தண்ணீர் பீய்ச்சுவதும் அப்படித்தான்.

கீழே இருக்கும் குரங்கிடம் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கையில் சாப்பாடு இருந்தால் பைக்குள் போட்டுவிட்டு மெதுவாக விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

குரங்கு கடிக்காமலே வரும் நோய் ஒன்று உண்டு. குரங்கின் உடலில் இருக்கும் ஒரு வகை மலேரியாவைக் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. இங்கே தொற்றுவது இந்தக் குரங்கு மலேரியாதான், அதுவும் வேகமாக முற்றும். காட்டோரம் இரவு வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

காட்டுப்பன்றி எதிரே வந்தால்?

நிற்கும் வேகன் வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் அதை அடைத்துவிடாதீர்கள். அது ஓட ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். கோடு போட்ட குட்டிகள் தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்ந்தால் தொடையைத்தான் கிழிக்கும், அதனால் உயரமே பாதுகாப்பு: நிற்கும் வேகனின் படியில் தளம்வரை ஏறுங்கள். மின்கம்பிக்கு அடியில் நிற்கும் வேகனின் கூரைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் ஏறாதீர்கள்.

வண்டியில் அடிபட்டுச் செத்த பன்றியை அப்படியே விட்டால் அதைத் தின்ன வரும் உடும்பும் நாயும் அடுத்த வண்டியில் அடிபடும். அதற்காக வீட்டுக்கு எடுத்துப் போவதும் கூடாது. 2021 முதல் மலேசியாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கிறது. மனிதருக்கு அது வராது. ஆனால் ஒரு துண்டு இறைச்சியும் பூட்ஸில் ஒட்டிய இரத்தமும் அடுத்த ஊர்ப் பன்றிப் பண்ணையையே அழிக்கும். கால்நடை மருத்துவத் துறைக்குச் சொல்லிவிட்டு, லைனை மூடிக் கையுறையோடு ஓரத்துக்கு இழுத்து, அவர்கள் சொல்கிறபடி புதையுங்கள்.

எலியைக் கட்டுப்படுத்த விஷம் வைக்கலாமா?

வைப்பதற்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் கூகைப் பெட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். குஞ்சு வைத்திருக்கும் ஒரு ஜோடி வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும். புரோடிஃபாகும் போன்ற கடுமையான விஷம் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகும், பிறகு எலி பெருகும். ஷெட்டுக்குள் பொறியும், சிந்தியதை அன்றன்றே கூட்டுவதும் போதும்.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (பிளீச் திரவத்துக்கு) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடையுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினால் சிறுநீரகம்வரை போகும்.

குளவிக் கூடு?

தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், பக்கத்தில் இன்ஜினை ஓடவிட்டு அதிரச் செய்யாதீர்கள். பொம்பாவோ (தீயணைப்புத் துறை) ஏபிஎம் என்கிற குடிமைத் தற்காப்புப் படையோ வந்து எடுப்பார்கள். துரத்தினால் தலையை மூடிக்கொண்டு லைன் ஓரமாக நேரே போய் அறைக்குள்ளோ கேபினுக்குள்ளோ கதவை அடைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், அல்லது ஒன்றே கொட்டி உதடு வீங்கி மூச்சு இழுத்தால், உடனே மருத்துவமனை.

யானை, புலி, தாபிர்?

யார்டுக்குள் இவை வருவது அரிது. கிழக்குப் பாதையில் போகும் பணியாளர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யானை லைனில் நின்றால் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. தூரத்தில் நிறுத்தி, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அது போகும்வரை பொறுக்க வேண்டும். 1894 செப்டம்பர் 17 அன்று தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காக்க ரயிலை மோதித் தடம்புரளச் செய்து செத்தது. அது புதைக்கப்பட்ட இடத்தில் இன்றும் பலகை இருக்கிறது. தாபிர் (நீள மூக்குள்ள கறுப்பு வெள்ளைக் காட்டு விலங்கு) வழிதவறி வந்தால் பெரிய விளக்குகளை அணைத்து, ஆட்களை விலக்கி, காட்டுப் பக்கம் வழிவிடுங்கள். சாதுவாகத் தெரிந்தாலும் பலமாகக் கடிக்கும். மலேசியக் காட்டில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. கால்தடம் பார்த்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்துப் படமெடுத்து பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறைக்கு) மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பரப்பினால் கண்ணி வைப்பவன் கைக்குப் போகும்.

அடித்துக் கொன்றால் குற்றமா? யாரை அழைப்பது?

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் யானை, புலி, தாபிர் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. மலைப்பாம்பு, ராஜநாகம், உடும்பு, குரங்கு, காட்டுப்பன்றி ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவை, உரிமம் இல்லாமல் வேட்டையாடவோ பிடித்து வைக்கவோ முடியாது. உடும்புக் கறி ஆசையில் பொறி வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உயிருக்கு ஆபத்து, வீட்டுக்குள் பாம்பு, குளவி என்றால் 999. விலங்கு நடமாட்டம், காயம்பட்ட விலங்கு என்றால் பெர்ஹிலித்தான் 1-800-88-5151. லைன்மேல் விலங்கு கிடந்தால் யாருக்கும் முன்னால் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். பொம்பா வீரர்களே வந்தாலும் லைன் மூடப்பட்டது என்று ஸ்டேஷன் உறுதி சொல்லாமல் அவர்களும் தண்டவாளக் கல்மேல் கால் வைக்க முடியாது.

இரவு ஷிப்டுக்குப் பையில் என்ன இருக்க வேண்டும்?

தலையில் கட்டும் டார்ச், கணுக்காலை மூடும் பூட்ஸ், தோல் கையுறை, ஒன்றரை மீட்டர் மரக்குச்சி, கண் கழுவ ஒன்றரை லிட்டர் தண்ணீர் இரண்டு பாட்டில், இரண்டு கிரேப் பேண்டேஜ், கையளவு அகலத்தில் 40 சென்டிமீட்டர் பலகை ஒன்று, பேனா, சிவப்புக் கொடி. கழற்றி வைத்த பூட்ஸை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிய பிறகே போடுங்கள். பூரானும் தேளும் இருட்டையும் ஈரத்தையும் தேடிப் புகுந்துகொள்ளும் இடம் அது.